மாமியார் விட்டுப்போன ஒன்பது கோழிகள்

எனக்குக் கல்யாணமான ஏழாவது மாதம், தன் மகளின் பிரசவத்துக்காக என் மாமியார் கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"கோழிங்கள பாத்துக்கோ."

வீட்டைப் பற்றியோ மகனைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் வேங்கிக்காலில் அப்போதுதான் புதுவீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெறும் காலி மனைகள். வாடைக்காற்று எதிலும் தடுக்காமல் நேராக எங்கள் பின்பக்கத்துக்கு வரும். அங்கேதான் செங்கல் அடுக்கித் தகரம் போட்ட கூண்டில் எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் இருந்தன. நான் டவுனில் மாடிப் போர்ஷனில் வளர்ந்தவள். அதுவரை ஒரு கோழியைக் கையால் தொட்டதில்லை.

மாமியார் என்றால் எனக்குப் பயம். அவர் என்னை ஒருநாளும் திட்டியதில்லை. தப்பு செய்தால் பேசாமல் நின்று பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு திட்டு வாங்கிவிடலாம் என்றிருக்கும்.

அவர் போனது கார்த்திகை தீபம் முடிந்த வாரம். காலையில் எதிர்வீடு தெரியாத அளவு பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில் ஏறும். கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். மூன்று மணிக்கு, டவுன் பக்கம் தெரியும் தீப மலை மேகத்துக்குள் மறையும், உடனே மழை அடிக்கும். நான் ஓடிப்போய்க் கூண்டுக்கு விரட்டுவதற்குள் பாதிக் கோழிகள் நனைந்துவிடும். தகரத்தின் ஓட்டை வழியாகக் கூண்டுக்குள்ளும் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு கருப்புப் பெட்டை இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடித் தனியாக நின்றது. அரிசி நொய்யைப் போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை கூண்டைத் திறந்தபோது ஈர மண்ணில் விறைத்துக் கிடந்தது.

கணவர் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கோழிதானே, விடு. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அம்மாவிடம் அவருக்கும் பயம்தான்.

கடப்பாரையால் குழி தோண்டிப் புதைத்தேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் இன்னும் இரண்டு தும்மிக்கொண்டிருந்தன. அடுத்த மனையில் குடியிருந்த பாய் வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெள்ளைக் கழிச்சல் நோயா இருந்தா ஒரே வாரத்துல கூண்டு காலிம்மா. எங்க வீட்டுல அப்படித்தான் ஒன்னு விடாம போச்சு. ஜாஸ்தி ஆவறதுக்குள்ள மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு போ."

தும்மிய இரண்டையும் ஒரு கூடையில் வைத்து மேலே பழைய புடவையைக் கட்டினேன். டவுன் பஸ்ஸில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து 'கர்... கர்...' என்று மூச்சுச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் புடவையை விலக்கிப் பார்த்தேன்.

டாக்டர் இரண்டின் கழுத்தையும் பிடித்துப் பார்த்தார், இறக்கையை விரித்துப் பார்த்தார்.

"கழுத்து திருகலை, கால் இழுக்கலை. இது கழிச்சல் இல்ல, சளிதான்ம்மா. வெயில், மழை, பனின்னு மாத்தி மாத்தி அடிச்சா அதுங்க என்ன பண்ணும்? தண்ணியில இந்த மருந்தைக் கலந்து குடு. ஈரம் படக்கூடாது, காத்து படக்கூடாது."

"பொழைச்சிக்குமா சார்?"

"காய்ஞ்ச இடமா வச்சா பொழைக்கும்."

காய்ந்த இடம் எங்கே இருக்கிறது? திரும்பி வரும்போதே தூறல் ஆரம்பித்திருந்தது. கூண்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. சமையலறைச் சுவர் மழையில் ஊறி ஓதம் கண்டிருந்தது. எங்கள் அறையில் ஜன்னலுக்குக் கதவு இன்னும் வரவில்லை. நன்றாகக் காய்ந்து கதகதப்பாக இருந்தது மாமியாரின் அறை ஒன்றுதான். கோழி பின்வாசல் படியேறினாலே துடைப்பத்தை எடுப்பவர் அவர்.

கொஞ்ச நேரம் அந்த அறை வாசலிலேயே நின்றேன். பின்பக்கம் இன்னொரு கோழி தும்மியது. சாக்குகளை விரித்து, எட்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அவருடைய கட்டிலுக்கு அடியில் விட்டுக் கதவைச் சாத்தினேன்.

மூன்று நாள் அப்படியே ஓடியது. வேளைக்கு வேளை மருந்துத் தண்ணீர் வைத்தேன், சாக்கு மாற்றினேன். தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். நாலாம் நாள் மத்தியானம் அறைக்குள் குனிந்து எச்சத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பஸ் சத்தம் காதில் விழவே இல்லை. நிமிர்ந்தால் வாசற்படியில் மாமியார்.

அவர் கட்டிலைப் பார்த்தார். சேவல் அதன் மேல் ஏறி நின்றிருந்தது.

"ஒன்னு கம்மியா இருக்குதே" என்றார்.

"கருப்பு செத்துடுச்சி அத்தை. மழையில நனைஞ்சிடுச்சி. நான்தான் சரியா பாத்துக்கல."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஒரு பெட்டையைத் தூக்கினார். அதன் மார்பில் காதை வைத்துக் கேட்டார். இன்னொன்றைத் தூக்கினார். எட்டையும் அப்படியே பார்த்து முடித்தார்.

"சளி எறங்கிடுச்சி" என்றார். கட்டிலின் ஓரத்தில், சேவலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "நான் இருந்திருந்தா கழிச்சல்னு பயந்து எல்லாத்தையும் அறுத்துப்புட்டிருப்பேன். போன வருஷம் அப்படித்தான் ஏழெட்டை அறுத்தேன். ரெண்டு நாள் சாப்பிடவே புடிக்கலை."

அவருக்கும் பயம் வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "நாத்தனாருக்கு என்ன கொழந்தை அத்தை?" என்று கேட்டேன்.

"பொண்ணு. ராணி மாதிரி இருக்கா" என்று முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே மறுபடி மழை இருட்டிக்கொண்டு வந்தது. "நின்னுனே இருக்கியே, அந்தக் காய்ஞ்ச சாக்கை எடு" என்றார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் விரித்தோம்.