சூளையில் காய்ந்த ஸ்வெட்டர்

போன வாரம் கொடைக்கானலில் ஒரு விடுதியில் தங்கினேன். பக்கத்து அறைக்காரர் நனைந்த கம்பளித் தொப்பியை ஹீட்டர் மேல் காயப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வராந்தா முழுக்கக் கருகல் வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் நின்று முகர்ந்தேன். எனக்கு அது பழைய வேலையிடத்து வாடை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதே மலையில், போளூர்ப் பாதைக்கு மேலே, பாக்சைட் வெட்டினார்கள். செங்காவி நிறக் கல். பொடித்துக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் அலுமினா கரைந்து வரும். அதிலிருந்துதான் அலுமினியம், நீங்கள் பால் காய்ச்சுகிற பாத்திரம். எங்கள் கல்லில் பாதி கரையாமல் அடியிலேயே கிடக்கும். கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி முனகியது. முதலில் வறுத்துப் பார்க்கலாம் என்று யாரோ சொல்ல, சின்னதாக ஒரு விறகுச் சூளை கட்டினார்கள். சோதனைக்கூடத்தில் நான். சோதனைக்கூடம் என்றால் தகரக் கொட்டகை, சில கண்ணாடிக் குடுவை, என்னுடைய பி.எஸ்சி. பட்டம், அதைவிடப் பெரிய திமிர்.

வறுத்தால் கல்லுக்குள் இருக்கிற நீர் ஆவியாகும். அது வெளியேறிய இடமெல்லாம் நுண்துளை விழும். காஸ்டிக் அது வழியாக உள்ளே இறங்கும். சூடு மீறினாலோ துளை மூடிக் கல் இறுகிவிடும். அப்புறம் எதில் வேகவைத்தாலும் கரையாது.

சூளையைப் பார்த்துக்கொண்டவர் காசிம் பாய். பழனி பஜாரில் அண்ணன் கடையில் சண்டை போட்டுக்கொண்டு மலையேறியவர். கல் உடைத்தவர் புஷ்பம் அக்கா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். குவாரிக்குப் பக்கத்தில் லயம் என்கிற வரிசை வீட்டில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சோதனை தோற்றால் குவாரி மூடும், லயமும் போகும். "இன்னொருக்கா மூட்டை கட்ட ஏலாது தம்பி" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

சோதனை அன்று பார்த்து மழை. நான் கொட்டகையில் காஸ்டிக் கலக்கிக்கொண்டிருந்தேன். கருகல் வாடை வந்ததும் ஓடினேன். குவாரி ஆட்கள் மொத்தமும் சூளையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சூளை மேல் அக்காவின் ஸ்வெட்டர் புகைந்தது. சூடு காட்டும் முள் அளவைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

"பாய், ஏன் இம்புட்டு விறகு போட்டீங்க?"

"அக்கா பல்லு கிட்டிப் போயி நிக்குது. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? சூடு கூடுனா வெரசா வெந்துட்டுப் போகுது."

கரைத்துப் பார்த்தால் வறுக்காத கல்லைவிட மோசம். பாயைக் கண்டபடி திட்டினேன்.

"அவர ஏசாதீங்க தம்பி. குளிருக்கு ஒதுங்கினது நான்தானே" என்றார் அக்கா.

கம்பெனி இன்ஜினியர் பார்க்க வருவதற்குள் இன்னொரு முறை வறுத்தோம். அன்றும் தூறல். பாய் சூளைக் கொட்டகை வாசலில் கட்டையோடு நின்றார். "ஏலே, ஒருத்தனும் உள்ள வரக் கூடாது! குளிருதுன்னா ஓடு, சூடாயிரும்." அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே நின்றார். கடைசியில் பாயே மனசு கேட்காமல் கூப்பிட்டார். அக்கா வரவில்லை. உதடு நீலம் பாரித்துப்போயிற்று.

இந்தத் தடவை கிட்டத்தட்ட முழுசும் கரைந்தது. கத்தினோம். பாய் என்னைத் தூக்கியே விட்டார்.

இன்ஜினியர் குடுவையைப் பார்த்தார், என் கையைக் குலுக்கினார். "அருமை! இந்தப் பக்குவம் தெரிஞ்சா கீழ ஃபாக்டரி பக்கத்துல கிடக்கிற மட்டமான கல்லையே வறுத்துக்கலாமே. இங்கேருந்து லாரியில இறக்குற செலவு மிச்சம்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பாய்க்கு உடனே புரிந்துவிட்டது.

"தோத்தாலும் மூடுவீங்க, ஜெயிச்சாலும் மூடுவீங்க. இத முன்னாலயே சொல்லியிருந்தா அக்காவையாச்சும் உள்ள உக்கார வச்சிருப்பேனே சார்."

இன்ஜினியர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

தொப்பி கருகிய மறுநாள் விடுதியிலிருந்து அங்கே போனேன். குவாரிக் குழியில் தண்ணீர் நிற்கிறது. ஏரி என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். லயம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். பாய் இறந்துவிட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். அக்கா கூக்கால் பக்கம் பூண்டுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனதாக ஒருவர் சொன்னார், திருப்பூருக்கு என்றார் இன்னொருவர். கார் நிறுத்தச் சீட்டுக் கிழிப்பவரிடம் லயத்து ஆட்களைப் பற்றி விசாரித்தேன்.

"இங்க யாரும் குடியிருந்ததே இல்லீங்களே" என்றார். வண்டியை எடுக்கச் சொன்னார்.