திரைக்கு வெளியே நீண்ட கை

வாலிகண்டபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த கனி ராவுத்தரின் மூத்த மகள் ஜைத்தூன் அழகி என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவளைப் பார்த்த அன்னிய ஆண் ஒருவர்கூடக் கிடையாது. பெரியவளான நாளில் உள்ளே போனவள், ஆறு வருஷமாகத் தெருவைக் கண்டதில்லை. வளையல்காரியும் மருத்துவச்சியும்தான் அவள் அழகை வெளியே கொண்டுபோனார்கள். அந்தப் பேச்சு அரியலூர் வரை போய், ஒரு மண்டிக்காரர் வீட்டிலிருந்து பெண் கேட்டார்கள். கோடையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அது 1946. மாசி மாதம் அம்மை குத்துகிற சாமிதுரை தெருவுக்கு வந்தார். வாசல் திரைக்கு வெளியே உட்கார்ந்துகொள்வார். உள்ளிருந்து கைகள் ஒவ்வொன்றாக நீளும். முகம் பார்க்காமல் குத்திவிட்டுப் பெயரை எழுதிக்கொள்வார்.

"நானும் நீட்டுறேம்மா," என்றாள் ஜைத்தூன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு போன வருஷம் அம்மையில் போனதைச் சுவருக்கு அந்தப்புறத்து அழுகையாக அவள் கேட்டிருந்தாள்.

"நீயா? தழும்பு விழும்டி. அரியலூர்க்காரி ரவிக்கைக் கையை ஏத்திப் பார்க்காம போவாளா?"

"நீங்க மட்டும் நீட்டுனீங்க?"

"என் கை கெழட்டுக் கை. பேசாம உள்ளே போ."

பத்து வயதுத் தங்கை கமருவுக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிவிட்டாள் அம்மா. ஆனால் பட்டியலில் இருந்த ஜைத்தூன் பெயருக்கு ஒரு கை வேண்டுமே? வேலைக்காரி பாப்பாத்தி தன் பங்குக்கு இடது கையை நீட்டியிருந்தாள். இப்போது வலது கையும் போனது.

"என்னம்மா, ராவுத்தர் வூட்டுப் பொண்ணுகூடப் பச்சை குத்திக்கிச்சா? இதே கோலம் இப்பத்தானே வந்துட்டுப் போச்சு!"

"ஒரே கொறத்தி குத்துனது சார்," என்றாள் பாப்பாத்தி உள்ளிருந்து. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்னும் இரண்டு தெரு பாக்கியிருந்தது. சாமிதுரை பெயரை எழுதிக்கொண்டு எழுந்தார்.

சித்திரையில் ஜைத்தூனுக்கு அம்மை போட்டது. கமருவை விக்கிரமங்கலத்து மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருபத்தொரு நாளும் பக்கத்தில் இருந்தவள் பாப்பாத்தி. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜைத்தூன் எழுந்தபோது வீட்டில் கண்ணாடி இல்லை.

அரியலூர்ப் பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சர்பத் குடித்தார்கள். "நாங்க கேட்டது பழைய சேதி போலிருக்கு," என்று ஒருத்தி சொல்ல, வண்டி ஏறிவிட்டார்கள்.

பிறகு ஒரு காலை, அம்மா குடத்தை நீட்டினாள். "பாப்பாத்தி வரலை. கெணத்துக்குப் போயி ரெண்டு கொடம் கொண்டா."

"தெருவுலயாம்மா?"

"பின்னே? உன்னை யாரு பார்க்கப் போறா?"

ஜைத்தூன் தெருவைப் பார்த்தாள். பெரம்பலூர் பஸ்ஸுக்கு நின்ற ஆண்கள் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துச் சாமிதுரை மறுபடி வந்தார். கமரு இப்போது பெரியவளாகி உள்ளே இருந்தாள். அதே திரை. அம்மா அதே குரலில், "பாப்பாத்தி, இங்க வாடி!" என்றாள்.

ஜைத்தூன் திரையை விலக்கி வெளியே வந்து நின்றாள். சாமிதுரை நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு வேணாம்மா," என்றார் மெதுவாக.

"தெரியும் சார். எனக்கு எழுதுனது பாப்பாத்தி கையில இருக்கு."

திரைக்குள் கையை விட்டுக் கமருவின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். "இதுல பச்சை இல்ல, பார்த்துக்கங்க. குத்துங்க." உள்ளே அம்மா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

தழும்பு காலணா அகலம் விழுந்தது. "தன் மூஞ்சி போன வயித்தெரிச்சல்ல தங்கச்சி கையைக் கெடுத்துட்டா," என்று வந்தவர்களிடமெல்லாம் அம்மா சொன்னாள். கமரு அந்தக் கையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு, அக்காவோடு பேசுவதை விட்டாள்.

அடுத்த கோடையில் அந்தத் தெருவில் நான்கு வீடுகளில் அம்மை போட்டது. கமருவுக்குப் போடவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவளைப் பெண் பார்க்க வருகிற நாளில் மட்டும் அம்மா ஜைத்தூனிடம் குடத்தைக் கொடுத்து, "அவங்க போனப்புறம் வா," என்றாள்.