சீலிங் பலகை

மச்சான் குண்டசாலையில், தன் வீட்டுக் கராஜில் பிளேன் கட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு ஆள் ஏறுகிற சின்ன மரப் பிளேன். ஓட்டப்போவது அவர். பின் சீட் எனக்கு என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நானும் நெஞ்சை நிமிர்த்தித் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து எந்த மரத்தைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்.

இறக்கைக்குள் நீளமாக ஓடும் சட்டம் முறிந்தால் ரெண்டு பேர் கதையும் முடிந்தது. அதற்குப் பாரமில்லாத, கணு இல்லாத, ரேகை நேராக ஓடும் மரம் வேண்டும். மச்சான் லுணுமிதெல்ல என்றார். எங்கள் பக்கத்தில் சீலிங் அடிக்கிற மரம். அதை நம்பி ஆகாயத்தில் போவதா?

கலகெதர மர ஆலை வாசலில் மச்சான் வேனை நிறுத்தி, "பிளேன்னு வாய் திறந்துறாதீங்க, சீலிங்குன்னு சொல்லுங்க," என்றார். நாட்டில் யுத்தப் பிரச்சினை ஓய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ரெண்டு தமிழ் ஆட்கள் பிளேன் கட்டுகிறார்கள் என்று வெளியே தெரிந்தால் பிளேன் எழும்புமுன் நாங்கள் உள்ளே போயிருப்போம்.

அவர் வேனிலேயே இருக்க, நான் மட்டும் உள்ளே போனேன். ஆலை முதலாளி ஒரு முஸ்லிம் நானா. அவர் காட்டிய பலகைகளை ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன், தட்டினேன், மோந்தேன்.

"இதுல கணு இருக்கு நானா."

"சீலிங்குக்குக் கணுதான் தம்பி அழகு."

இன்னொன்றில் மரத்தூளும் பசையும் வைத்து வட்டமாக எதையோ அடைத்திருந்தது. "இது என்ன?"

"மச்சம்."

பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தேன். "ஒரு ஆள் பாரம் தாங்குமா?"

"சீலிங்லயா?"

"ம். என்னைப்போல ஆள். ஆடினாலும் திடீர்னு முறியாதே?"

நானா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு டீயை என் கையில் தந்தார். "இருங்க தம்பி. டீ குடிங்க. ஊட்ல ஏதும் பிரச்சினயா?"

"இல்லையே."

"புள்ள குட்டி ஈக்கிதானே? பலகை இல்ல. ஊட்டுக்குப் போங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீ மடியில் கொட்டியது. "ஐயோ நானா, தொங்குறதுக்கு இல்ல! பிளேன் கட்டுறோம்!"

அவர் பென்சிலை எடுத்துத் திரும்பக் காதில் செருகினார். "ஓட்டுறது யாரு?"

நான் வாசலைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து மச்சான் வேனைப் பின்னுக்கு எடுத்து மரக்குவியலில் மோதினார்.

"அப்ப நான் நெனச்சது சரிதானே," என்றார் நானா.

ஆனாலும் உள்ளே போய், அடியில் கிடந்த ஒரு நீளப் பலகையை இழுத்துவந்து ரெண்டு கட்டைமேல் வைத்தார். "ஏறுங்க."

ஏறினேன். பலகை வளைந்தது. இறங்கினேன். நிமிர்ந்தது. மச்சான் ஓடிவந்து கை தட்டினார். நான் குனிந்து அடிப்பக்கமும் பார்த்தேன். ஒரு கணு இல்லை, ஒரு பூச்சி ஓட்டைகூட இல்லை. பின் சீட்டிலிருந்து தப்ப வழியே இல்லை.

"இன்னொரு தடவ குதிச்சுப் பார்க்கவா நானா?"

நானா சிரிக்கவில்லை. "முறியிற வரைக்குமா தம்பி?" என்றார்.