கறித்தூளுக்குள் ஒளித்த பிரொடர்

டெக்சாசுக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்று மகள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒஸ்லோவில் ஒரு தாதிக்கு வேலையா இல்லை? ஆனால் அவள் ஒரு காரணம் சொன்னாள்.

"அம்மா, நான் இஞ்சை பிறந்தனான். எண்டாலும் ஆஸ்பத்திரி வாட்டிலை எல்லாரும் 'உண்மையிலை நீ எந்த நாடு?' எண்டுதான் கேக்கினம். அங்கை பாதிப் பேர் வேறை எங்கையோ இருந்து வந்த ஆக்கள். கேட்டாலும் எனக்கு நோகாது."

பெட்டி அடுக்கும்போது வீட்டில் யுத்தம். நான் கம்பளி உள்ளாடையை வைக்க, அவள் எடுத்து எறிந்தாள். பிரொடரை வைத்தேன். அது உறைபனியில் வழுக்காமல் நடக்கச் சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள். அதையும் எறிந்தாள். "அது வெயில் ஊர் அம்மா!" நான் விடுவேனா? எங்கள் வீடு இருக்கிற பியோர்ண்டால் ஏற்றத்தில் இத்தனை குளிர்காலம் விழாமல் நடந்தவள் நான். அவள் அங்காலே போனதும் பிரொடரைக் கறித்தூள் பார்சலுக்குள் புதைத்துவிட்டேன்.

போனதும் படங்கள் அனுப்பினாள். புது வீதி, புது வீடுகள், அதற்கப்பால் இன்னும் வீடு எழும்பாத வெறும் நிலம். ஆஸ்பத்திரியும் புதிதுதான், வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அங்கே எல்லாருக்கும் கார், நடக்கிறவர்தான் யாருமில்லை.

முதல் குளிர்காலத்திலேயே அந்த ஊரில் மழை விழுந்தபடியே உறைந்தது. நான் ஒஸ்லோவில், ஹவுகெட்டோ பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். மதியம் பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது அழைத்தாள். அங்கே அப்போதுதான் விடிகிறதாம்.

"றோட்டெல்லாம் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. ஒரு காரும் ஓடேல்லை. ராத்திரி நிண்ட ஆக்கள் களைச்சுப்போச்சினம், மாத்த ஒருத்தரும் வரேல்லை. அம்மா, பொய் சொல்லாதேங்கோ. பிரொடரை எங்கை ஒளிச்சு வைச்சனீங்கள்?"

"தூள் பார்சலுக்கை பார்," என்றேன். குரலில் இருந்த பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

பிறகு பயம் பிடித்துக்கொண்டது. அவள் வழியில் விழுந்து கிடந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்கள்? ஒரு பிள்ளைக்குச் சப்பாத்தைக் கால் மாற்றிப் போட்டுவிட்டேன்.

திரும்ப அழைத்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"வந்து சேந்திட்டன் அம்மா. கறித்தூள் மணக்க மணக்க நடந்து வந்தனான். எங்கடை பெரிய தாதி என்னைக் கண்டிட்டு என்ன சொன்னவ தெரியுமே? 'நோர்வேக்காரி வந்திட்டாள்' எண்டு கத்தினவ. எல்லாரும் கைதட்டிச்சினம்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. என்ன நடந்தது என்று என்னோடு வேலை செய்கிற ஒருத்தி பக்கத்தில் வந்து கேட்டாள். இவளும் ஒருமுறை என் மகளிடம் எந்த நாடு என்று கேட்ட நோர்வேக்காரிதான். நான் எல்லாவற்றையும் உரத்துச் சொன்னேன், அடுத்த அறைக்கும் கேட்கட்டும் என்று.

"அவள் நோர்வேக்காரிதானே," என்றாள், இதில் என்ன புதினம் என்பதுபோல.

"ஓம்," என்றேன். "அவள் இங்கே இருக்கும்போது நீ அதை ஒருக்கால் சொல்லியிருக்கலாம்."