பரீட்சைக்கு முன்னால் போட்ட மொட்டை

ரயில் என்ஜின் விடும் கரிப்புகைக்கு ஒரு வாசனை உண்டு. ஈரத்துணி கருகினது மாதிரி... இப்போது அந்த என்ஜின்களே இல்லை. எங்கேயாவது கரி அடுப்பு புகைந்தால்கூட எனக்கு எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சைதான் ஞாபகம் வரும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் ஊர் கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். எட்டாவது பாஸானால் வாத்தியார் ட்ரெய்னிங் போகலாம், மாசச் சம்பளம் வரும். அப்பாவுக்கு அது ஒன்றுதான் நினைப்பு.

பரீட்சை மதுரையில். அதனால் கொஞ்ச நாள் முன்பாகவே என்னைத் திருப்பரங்குன்றத்தில் சித்தப்பா வீட்டில் கொண்டுவந்து விட்டார். அப்போதே அவருக்கு விடாத இருமல். பஸ் ஏறும்போது, "சித்தப்பா சொல்றபடி கேட்டுக்க. முடிச்சுட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

சித்தப்பா பஞ்சு மில்லில் வேலை பார்த்தார். என் பாடம் எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் என் பயம் தெரிந்திருந்தது. பேனாவைப் பிடித்தாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். மை ஈஷி, எழுதினது எனக்கே புரியாது.

வீட்டில் கடிகாரம் இல்லை; பின்னாலேயே ரயில் பாதை. ஒரு ரயில் போனதும் கணக்குப் போட ஆரம்பிக்க வேண்டும். அடுத்த ரயில் வருவதற்குள் முடிக்க வேண்டும். யுத்த காலத்து ரயில், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? தாமதமானால் சித்தப்பா சிரிப்பார். "ஒன் அதிர்ஷ்டம்டா. இன்னும் ரெண்டு கணக்குப் போடு."

விளக்கு வைத்ததும் புத்தகத்தை மூடச் சொல்லிவிடுவார். கோயிலுக்குக் கூட்டிப்போவார். திரும்பி வரும்போது என் உள்ளங்கையில் திருநீற்றைத் தேய்த்துவிட்டு, "இப்ப எப்படி வேர்க்குதுன்னு பாப்போம்" என்பார்.

உண்மையிலேயே வேர்க்கவில்லை.

முதல் நாள் பரீட்சை நன்றாகத்தான் போனது. சாயங்காலம் வந்து பார்த்தால் சித்தப்பா இல்லை. மில்லில் அவசர வேலை என்றாள் சித்தி. கோயிலுக்குப் போவோமா என்று கேட்டதற்கு, பரீட்சை நேரத்தில் அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா வந்தார்... மொட்டைத் தலையோடு. மீசையும் இல்லை.

"என்ன சித்தப்பா இது?"

"முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்டா. நீ பாஸாகணும்னு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாஸான பெறகுதானே போடணும்? நான் பெயிலாப் போனா முடியைத் திருப்பிக் கேப்பீங்களா?"

"அச்சாரம்னு வச்சுக்கடா" என்றார்.

தடவிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். குனிந்து காட்டினார். சொரசொரவென்று இருந்தது. கோயிலில் மொட்டை போட்டால் சந்தனம் பூசிவிடுவார்கள். அந்தத் தலையில் சந்தனத்தின் சுவடே இல்லை. அதைப் பார்த்தேன், ஆனால் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னாளில் பத்திரிகையில் சேர்ந்து, எங்கெங்கோ அலைந்து செய்தி சேகரித்தவன் நான்.

எனக்காக ஒரு மனுசன் முடியைக் கொடுத்திருக்கிறார் என்ற சந்தோஷத்தில் அம்புட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த நாள் கணக்குப் பரீட்சை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்தால், பள்ளிக்கூட வாசலில் என் துணிப்பையோடு சித்தப்பா நின்றார். "வா, ஊருக்குப் போவோம்."

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ். ஏற்றத்தில் திணறித் திணறிப் போகும். கேள்வித்தாளை விரித்துவைத்துக்கொண்டு நான்தான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன். மேலூர் தாண்டியதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார்.

"ஒங்கப்பா போயிட்டாருடா."

எனக்குப் புரியவில்லை.

"நீ மொத நாள் எழுதிட்டு இருந்தப்ப. அதுக்கு ரெண்டு நாள் முந்தியே படுக்கையில விழுந்துட்டாரு. பிள்ளைக்கிட்ட சொல்லிறாதீங்க, பரீட்சை முடியட்டும்னு அண்ணன்தான் சொல்லி அனுப்பிச்சு... கொள்ளி நான் வச்சேன்."

அவர் தலையைப் பார்த்தேன். முடி லேசாக முளைக்க ஆரம்பித்திருந்தது. கொள்ளி வைத்ததற்காக எடுத்த மொட்டை. என் தலையில் விழுந்திருக்க வேண்டியது.

பாஸானேன். நல்ல மார்க்குதான். வாத்தியார் ட்ரெய்னிங்குக்குப் போகப் பிடிக்கவில்லை.

யார்மேல் கோபப்படுவது? அப்பா எனக்காகச் சொன்னார். சித்தப்பா எனக்காகச் செய்தார். நெடுநாள் கழித்து, என் கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பா, யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்: "சொல்லியிருக்கணும்டா. நீ வந்துட்டுத் திரும்பிப் போய் எழுதியிருப்ப."

எழுதியிருப்பேனா? தெரியாது. அந்தப் பரீட்சையை மறு வருஷமும் எழுதலாம். அது மட்டும் தெரியும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது, நண்பர்களே. போன வாரம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொள்ளுப்பேரனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது. அவன் அம்மா, அதாவது என் பேத்தி, திரைக்கு அந்தப் பக்கம் நின்று போனில் மெதுவாகச் சொல்வது காதில் விழுந்தது. "அவனுக்குச் சொல்ல வேணாம். டென்ஷன் ஆயிருவான். எக்ஸாம் முடியட்டும்."

போனைக் கொடும்மா என்று வாங்கி, நானே அவனுக்குச் சொன்னேன்.

வந்தான். பிசிக்ஸ் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். அவன் உள்ளங்கை வேர்த்திருந்தது. தலைமாட்டில் இருந்த திருநீற்றை எடுத்துத் தேய்த்துவிட்டேன்.

"போய் எழுதுடா" என்றேன்.

அரை மணி நேரம் இருந்திருப்பான்.

எனக்கும் அப்பாவுக்கும் அந்த அரை மணி நேரம் இல்லாமல் போயிற்று.