கரும்புக் கொல்லையில என் குரல்

மொதல்லயே சொல்லிடறேன், பேய், பிசாசு, முனி, காத்து கருப்பு, இதுல எதையும் நம்புனவ கிடையாது நான். எங்க ஊர்ல யாருக்காவது சாமி வந்தாக்கூட, மொதல்ல ஒரு வாய் தண்ணி குடும்மான்னு சொல்றவ. இப்பவும் நம்பலன்னு சொல்லத்தான் ஆசையா இருக்குது, ஆனா அப்படிச் சொல்றதுக்குத் தெம்பு இல்ல. இத எங்க டாக்டர்கிட்டயும் சொல்ல முடியாது. எனக்கு மெடிக்கல் டெஸ்ட் எடுக்குறவரு அவருதான், குரல் கிரல்னு பேச்சு வந்தாலே லைசென்ஸைப் பிடுங்கி மூலையில ஒக்கார வெச்சிடுவாங்க. அதுவும் எனக்கு ஒரு குரலும் கேக்கல. என் குரல் வேற எங்கியோ கேட்டுச்சு. அத எந்த வியாதியில சேப்பாங்களோ. அதான் உங்ககிட்ட சொல்றேன், நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

நான் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர். எந்த ஏர்போர்ட்டுன்னு வேணாம். மேல கண்ணாடி ரூம்ல நிக்கிறவங்க வேற, நான் கீழ மங்கலான ரூம்ல ரேடார் முன்னாடி ஒக்காந்துகினு, காதுல ஹெட்செட்ட மாட்டிகினு, தூரத்துல போற விமானங்களோட பேசுறவ. பொறந்தது மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்துல ஒரு கிராமம். எங்கம்மா மில்லுக்குக் கரும்பு வெட்டப் போனவங்க. இத ஞாபகம் வெச்சுக்குங்க, ஏன்னா இதுலதான் நான் தப்பு பண்ணேன்.

எமர்ஜென்சின்னா சினிமால காட்டுற மாதிரி நாங்க கத்திகினு ஓட மாட்டோம். குரலைக் கம்மி பண்ணுவோம், அவ்ளோதான். நாம வேகமா பேசுனா அந்தப் படபடப்பு ரேடியோ வழியா பைலட்டுக்கும் தொத்திக்கும். இன்னா ஆச்சு, இன்னா பண்ணப் போறீங்க, எத்தினி பேரு இருக்கீங்க, இத கேட்டுட்டு வாய மூடிக்கணும். அவருக்கு விமானத்த ஓட்டுற வேலை இருக்குது, நம்மளோட பேசிகினு இருக்குறது அவரு வேலை கிடையாது. பதினாறு வருசமா இதே குரல்ல பேசிப் பேசி, வூட்லயும் எனக்கு இதே குரல்தான். பாலு பொங்குதுங்கன்னு நான் சொன்னா எங்க வூட்டுக்காரரு எழுந்திருக்கவே மாட்டாரு.

அன்னிக்கு ரெண்டு பேரு லீவு, எனக்குத் தொடர்ந்து ஆறாவது நாள் டூட்டி. மதியம் மூணு மணி இருக்கும். கண்ணுக்குள்ள மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி இருந்துச்சு. பக்கத்து சீட்ல ஜோசப், என்னைவிட நாலு வருசம் சீனியர். அப்ப ஒரு சின்ன விமானம், ஒத்த இன்ஜின், பயிற்சி குடுக்குற வண்டி, சேலம் பக்கத்துலேந்து கெளம்பி கல்வராயன் மலைக்கு மேல வந்துகினு இருந்துச்சு. அதுல ஒரு வாத்தியாரு, ஒரு மாணவரு. திடீர்னு வாத்தியாரு கூப்புட்டாரு. ரேடியோல எல்லாம் இங்கிலீஷ்தான், உங்களுக்குத் தமிழ்லயே சொல்றேன். மேடே, மேடே, மேடே, அப்படின்னா உசுருக்கு ஆபத்துன்னு அர்த்தம், இன்ஜின் நின்னு போச்சு, ஆறாயிரத்தி ஐந்நூறு அடியில இருக்கேன், எறங்கிகினு இருக்கேன். அவரு அத சொன்ன விதம், ஓட்டல்ல இட்லி தீந்து போச்சுன்னு சொல்றவரு மாதிரி இருந்துச்சு. அந்த மனுசனுக்கு அப்ப எட்டு நிமிசந்தான் இருந்துச்சு, பூமிக்கு வர்றதுக்கு.

எத்தினி பேருன்னு கேட்டேன். ரெண்டுன்னாரு. அந்த லைன்ல இருந்த மத்த விமானமெல்லாம் பேச்ச நிறுத்திட்டாங்க. ஜோசப் என்னோட மத்த வேலையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கினாரு. மலையத் தாண்டிடுவீங்களான்னு கேட்டேன், வடக்கால தாண்டிடுவேன், எதிர்ல ஒரு ஆறு தெரியுது, மணலு வெள்ளையா நீளமா கெடக்குது, அதுல எறக்கிடறேன்னாரு.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அந்தத் தென்பெண்ணை மணலு மேலேந்து பாத்தாத்தான் சமமா தெரியும். உள்ள பூரா மணலு அள்ளத் தோண்டுன பள்ளம், வண்டியோட உள்ள போயிடும். ஆறு வேணாம், பள்ளம் இருக்குது, ஆத்துக்கு இந்தாண்ட கரும்பு வெட்டுன கொல்லைங்க இருக்கும், பழுப்பா, நீளமா, அதுல பாருங்கன்னேன். கன்ட்ரோலரு அவ்ளோ சொல்லக்கூடாது, எங்க எறங்கறதுன்னு முடிவு பண்றது அவருதான். இருந்தாலும் சொன்னேன், அது எங்க ஊரு. அவரு பாத்துட்டு, சரி, ஒரு கொல்லை தெரியுது, அதுக்குப் போறேன்னாரு. அத்தோட ரேடார்ல புள்ளி மறைஞ்சிடுச்சு. மூவாயிரம் அடிக்குக் கீழ போனா எங்க ரேடாருக்கும் எட்டாது, ரேடியோவுக்கும் எட்டாது. மேல ஒசரத்துல போன ஒரு பெரிய விமானத்துக்கு மட்டும் அவரு பேசுனது கேட்டுச்சு; அந்த விமானத்துக்காரரு, வாத்தியாரு உங்களுக்கு நன்றி சொன்னாரு, எறங்குற வேலை இருக்குதாம், இனிமே பேச மாட்டாராம்னு எனக்குத் தகவல் சொன்னாரு.

அப்புறம் ஒரு நாலு நிமிசம். ஒண்ணும் இல்ல. பண்றதுக்கும் ஒண்ணும் இல்ல. ஸ்கிரீனையே பாத்துகினு இருந்தேன்னுதான் எனக்கு ஞாபகம், கழுத்து வலிச்சுது, அது கூட ஞாபகம் இருக்குது.

இருபது நிமிசம் கழிச்சு வாத்தியாரே செல்போன்ல ஆபீசுக்குக் கூப்புட்டாரு. ரெண்டு பேருக்கும் சிராய்ப்புதான். முன்சக்கரம் ஒடைஞ்சிருக்குது, ஆளுங்க நல்லா இருக்காங்க. வழக்கப்படி என்னை சீட்லேந்து எழுப்பி, டீ குடுத்து, நடந்தத எழுதச் சொன்னாங்க.

மறுநாள் வாத்தியாரு எங்கிட்ட தனியா பேசுனாரு. நன்றியெல்லாம் சொல்லிட்டு, ஒண்ணு கேக்கலாமான்னாரு. நான் எறங்கறப்ப அந்தக் கொல்லையில ஆளுங்க இருந்தாங்க மேடம், பத்துப் பன்னெண்டு பேரு, வரிசையா வெளிய நடந்து போனாங்க, ஓடல. ஒருத்தரு கூட தலையத் தூக்கி என்னைப் பாக்கல. முப்பது வருசமா ஓட்டறேன், விமானம் தாழ வந்தா அண்ணாந்து பாக்காத ஜனங்களை நான் பாத்ததே இல்லன்னாரு.

வெட்டுன கொல்லைன்னா என்னங்க அர்த்தம்? வெட்டுறவங்க அங்கியேதான் இருப்பாங்க. மூணு மணின்னா அப்பத்தான் சோத்துச் சட்டியத் தொறந்துகினு வெட்டுன எடத்துல ஒக்காருவாங்க. எங்கம்மா ஒக்காந்திருக்காங்க, நான் ஒக்காந்திருக்கேன். சத்தமே இல்லாம வர்ற ஒரு விமானத்த அந்தச் சனங்க தலை மேல அனுப்பிட்டேன், கரும்பு வெட்டுறவ வயித்துல பொறந்துட்டு. மேல இருந்த ரெண்டு பேர எண்ணுனேன், கீழ இருந்தவங்கள எண்ணல. ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல. மூணாம் நாள் லீவு போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.

விமானத்த அதுக்குள்ள லாரியில ஏத்திகினு போயிட்டாங்க. கொல்லையில சக்கரம் உழுத தடம் மட்டும் நீளமா கெடந்துச்சு. பக்கத்துக் கொல்லையில வெட்டு நடந்துகினு இருந்துச்சு. வரப்புல ஒரு அம்மா அருவாள தீட்டிகினு இருந்தாங்க, அம்பது வயசு இருக்கும், அஞ்சலைன்னு பேரு, அந்த ஆளுங்களுக்கு அவங்கதான் மேஸ்திரி மாதிரி. நான் போயி, அக்கா, அன்னிக்கு ஏரோப்ளேன் எறங்குச்சே, யாருக்காவது அடிபட்டுச்சான்னுதான் கேட்டேன். அருவாள் தீட்டுன கை நின்னு போச்சு. நிமிந்து என் மூஞ்சியப் பாக்கல, வாயத்தான் பாத்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க.

“நீங்கதானம்மா அன்னிக்கு எங்கள எழுப்பி வுட்டது.”

நான் ஏர்போர்ட்டுலேந்து வரேன்னு கூட அதுவரைக்கும் சொல்லல.

அவங்க சொன்னது இதுதான். சோறு துன்னுகினு இருந்தப்ப முதுகுக்குப் பின்னாடி ஒரு பொம்பளை பேசியிருக்கா. எல்லாரும் எழுந்து வரப்புக்கு அந்தாண்ட போங்க, ஓட வேணாம், நேரம் இருக்குது, நடந்தே போங்கன்னு. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. ஆனா அந்தக் கொரலக் கேட்டப்ப பயமே வரலம்மா, ஆஸ்பத்திரியில நல்ல நர்சு ஒருத்தி பேசுற மாதிரி இருந்துச்சுன்னாங்க. கைய உதறிட்டு எல்லாரும் எழுந்துட்டாங்க. அப்புறம் அந்தக் குரல் எத்தினி பேருன்னு கேட்டுச்சாம். அஞ்சலை எண்ணிப் பாத்து பதினொண்ணுன்னு சொல்லியிருக்காங்க. இல்ல, பன்னெண்டு, இன்னொருவாட்டி எண்ணுங்கன்னு சொல்லியிருக்குது, கோவமே இல்லாம. அப்பத்தான் ஒருத்திக்கு ஞாபகம் வந்துச்சாம், அவ மருமவ பாத்துக்கச் சொல்லி வுட்டுட்டுப் போன எட்டு மாசக் கொழந்தைய தோகைய மெத்தை மாதிரி பரப்பி, கரும்புக் கட்டு நெழல்ல படுக்க வெச்சது. போயி தூக்கிகினு வந்து, அவங்க வரப்ப ஏறுன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் விமானம் கொல்லையில எறங்கிடுச்சு. ஏன் யாரும் மேல பாக்கலன்னு கேட்டேன். மேல இன்னா இருக்குதுன்னு எங்களுக்கு இன்னா தெரியும், கீழ பாத்து நடங்கன்னுதானே நீங்க சொன்னீங்கன்னாங்க.

நான் ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கூப்புட்டு கேட்டேங்க, போலீஸ்காரி மாதிரி. பதினொரு பேரும் அதே வார்த்தை. பதினொரு பேருக்கும் அவங்கவங்க முதுகுக்குப் பின்னாடி. அந்தக் கொழந்தைய எங்கிட்ட குடுத்தாங்க, வாங்கிக்கினேன், அழுகை வந்துடுச்சு, மறைக்கல. கெளம்பறப்ப என் வேலையச் சொல்லி, அஞ்சலைக்கு என் போன் நம்பரயும் குடுத்தேன்.

திரும்பி வந்து ஜோசப்புகிட்ட, அந்த நாலு நிமிசம் நான் இன்னா பண்ணேன்னு கேட்டேன். பேசிகினு இருந்தியேன்னாரு. உதடு அசைஞ்சுது, நிறுத்தி நிறுத்தி பேசுன, பெரிய விமானத்துக்காரரோட பேசறேன்னு நெனச்சேன்னாரு. ரெக்கார்டிங்க போட்டுக் கேட்டோம். அந்த நாலு நிமிசத்துல என் பேச்சு ஒண்ணு கூட இல்ல. ஜோசப் ஹெட்செட்டக் கழட்டி வெச்சுட்டு, இத்தோட வுட்டுடு, யாருக்கும் சொல்லாதேன்னாரு. அவரு இப்ப என் பக்கத்து சீட்ல ஒக்காராம பாத்துக்குறாரு, அது வேற விஷயம்.

இத்தோட முடிஞ்சிருந்தா நான் உங்ககிட்ட வந்திருக்கவே மாட்டேன். நல்லதுதானே நடந்துச்சு, கடவுள் செயல்னு எங்க வூட்டுக்காரரு மாதிரி நானும் சொல்லிட்டுப் போயிருப்பேன்.

அந்தக் கொல்லையில வெட்டுன அடிக்கட்டையிலேந்து மறுதாம்புக் கரும்பு வளந்து இந்த வருசம் வெட்டுக்கு வந்துச்சு. பதினெட்டு நாள் முன்னாடி, காலையில ஒம்போது மணிக்கு அஞ்சலை போன் பண்ணாங்க. நான் நைட் டூட்டி முடிச்சு வந்து படுத்துத் தூங்கிகினு இருந்தேன். சொன்ன மாதிரியே வரப்புக்கு வந்துட்டோம்மா, இன்னும் ஒண்ணும் வரலியே, எவ்ளோ நேரம் நிக்கறதுன்னு கேட்டாங்க. நான் எப்பக்கா சொன்னேன்னு கேட்டேன். இன்னாம்மா இப்படிக் கேக்குறீங்க, இப்பத்தான் அர மணி நேரம் முன்னாடி, வெட்ட ஆரம்பிச்சு நாலு கட்டு போடறதுக்குள்ள வந்து எழுப்புனீங்களேன்னாங்க.

எழுந்து ஒக்காந்தேன். ஆபீசுக்குப் போன் பண்ணி அந்தப் பக்கம் எதுனா விமானம் இருக்குதான்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல, வானம் காலியா இருக்குதுன்னாங்க. அஞ்சலைகிட்ட அத சொல்லிட்டு, சரி எறங்கி வேலையப் பாருங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். வரல. என் வேலையே அதாங்க, போகலாம், எறங்கலாம்னு சொல்றது, ஒரு நாளைக்கு நூறுவாட்டி சொல்றேன். எதிர்ல இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் சொல்லலாம். இங்க எனக்கு ஒண்ணுமே தெரியல. இன்னிக்கு எறங்க வேணாம்க்கான்னு மட்டும் சொன்னேன்.

அன்னியிலேந்து அந்தக் கொல்லையில ஒருத்தரும் எறங்கல. அஞ்சலையோட ஆளுங்க வேற கொல்லைக்குப் போறாங்க. வெளியூர் ஆளுங்களக் கூட்டிகினு வந்தாரு கொல்லைக்காரரு, அவங்களையும் அஞ்சலை வரப்புலயே மறிச்சு அனுப்பிட்டாங்க, ஏர்போர்ட் அம்மா இன்னும் சொல்லலன்னு. மில்லுலேந்து வெட்டு உத்தரவு வந்தும் கரும்பு நின்னுகினே பூ எடுத்துடுச்சு, காயுது. கொல்லைக்காரரு எங்கிட்டயே போன்ல கத்துனாரு, யாரும்மா நீ, எங்கியோ ஒக்காந்துகினு என் கொல்லையில இன்னா பண்றேன்னு. எனக்கும் அதேதான் தெரியணும், அவருகிட்ட எப்படிச் சொல்றது.

தெனமும் காலையில ஆறு மணிக்கு அஞ்சலை போன் பண்றாங்க. நல்லா இருக்கீங்களான்னு கூட கேக்கறதில்ல. இன்னிக்கு எறங்கலாமாம்மான்னு ஒரே கேள்வி. அவங்களுக்குப் பின்னாடி மத்தவங்க மூச்சு விடாம நிக்கறது எனக்குத் தெரியும். இன்னிக்கும் வந்துச்சு. வேணாம்க்கா, நாளைக்குக் கேளுங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.