ஆறாம் திருத்தத்தைக் கைக்கொண்டவள்

1983 ஆகஸ்டில் பாராளுமன்றம் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தத்தை ஒரே அமர்வில் விவாதித்து நிறைவேற்றியது. எங்கள் தமிழ்ப் பகுதி உறுப்பினர்கள் சபையில் இல்லை. தனிநாட்டுக்கு எவ்வகையிலும் ஆதரவளிக்க மாட்டேன் என்று அரசாங்க ஊழியர் எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். முத்திரை விற்கிற எங்களிடம் அவர்களுக்கு என்ன பயமோ தெரியவில்லை, அந்தச் சத்தியக் கடதாசி எங்கள் தபாற்கந்தோருக்கும் வந்து சேர்ந்தது.

நாங்கள் வாசித்து ஒப்பமிட்டுவிட்டுத் தேநீர் குடித்தோம். எங்கள் ஊரில் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் செய்வதுதான் சத்தியம். அதற்கு உண்மை பேசுகிறவர்களே பின்னடிப்பார்கள். கடதாசியில் செய்வதை யார் கணக்கெடுத்தார்கள்? என்னோடு வேலை செய்த குணலட்சுமி மட்டும் பேனையைப் பிடித்தபடியே இருந்தாள். படுக்கையில் கிடந்த தாய்க்கும், படித்துக்கொண்டிருந்த தம்பி தேவராசாவுக்கும் அவளுடைய சம்பளம்தான் சோறு. கடைசியில் ஒப்பமிட்டாள்.

"கற்பூரம் இல்லாட்டிலும் என்ரை வாயாலை சொன்னதுதானே, பூரணம்" என்றாள். உமக்கு விசர் பிடித்துவிட்டது என்றேன் நான்.

அதன்பிறகு அவளோடு பெரும்பாடு. தனிநாட்டுக்குப் போராடிய இயக்கப் பெடியள் நிதி சேர்க்க வந்தபோது நாங்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்தோம். அவளோ, சத்தியம் செய்திருக்கிறேன், தரமாட்டேன் என்றுவிட்டாள். நல்லகாலம், அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்தியவர்கள்கூட அதை இவளளவுக்கு மதித்திருக்க மாட்டார்கள்.

அடுத்த வருடம் தேவராசாவே இயக்கத்துக்குப் போனான். அவள் அழுதாள், ஆனால் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை.

1985இல் ஒரு மத்தியானம் நீர்வேலியில் அவள் வீட்டில் சாப்பிட இருந்தேன். தேவராசா கறுத்து மெலிந்து குசினி வாசலில் வந்து நின்றான். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றான். அவள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆனால் சோற்றுப் பானையைத் தொடவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உம்மடை தம்பியல்லே? போடுமன் சோத்தை" என்றேன்.

"இயக்கத்துக்குச் சோறு போடுறது ஆதரவு இல்லையே, பூரணம்?"

அவள் கண் நிறைந்திருந்தது. அவனைக் கை கழுவச் சொன்னாள். பிறகு கடதாசி எடுத்து இரண்டு வரி எழுதி, மடித்து என் கையில் வைத்தாள்.

"உதைப் போஸ்ட்மாஸ்டரிட்டைக் குடுத்துவிடும். இனி நான் வேலைக்கு வரமாட்டன்."

அதற்குப் பிறகுதான் அகப்பையை எடுத்தாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். கையில் அந்தக் கடதாசியோடு நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கோ, அக்கா?" என்று கேட்டான்.

பானையை வழித்து, தாய்க்கென்று இருந்ததையும் அவனுக்கே போட்டாள்.